512 பைட்டில் ஒரு வணக்கம்!

ராத்திரி பதினொன்றரை மணி. கறுப்புத் திரை. அதன் இடது மூலையில் குட்டியாக ஒரு வெள்ளைக் கோடு மின்னி மின்னி மறைகிறது. எதிரே, ஆறிப்போன காபி டம்ளருடன் ரிடையரான ஒரு ஆசாமி. நான்தான்! மூன்று நாளாக இதே காட்சி.

"அப்படி என்னதான் எதிர்பார்க்கறீங்க அதுகிட்டேர்ந்து?" என்றாள் மனைவி, கதவோரம் நின்றபடி.

"வணக்கம் சொல்லணும்."

"யாரு?"

"கம்ப்யூட்டர்."

ஒரு நிமிஷம் என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். "வீட்டுக்கு வர்ற மனுஷங்களே இப்பல்லாம் சொல்றதில்லே. இது சொல்லப் போவுதாக்கும்" என்று சொல்லிவிட்டு ஹால் விளக்கை அணைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அந்தப் பெட்டி 2012-ல் பிறந்தது. ரிச்சி தெருவில் ஒரு கடையில் மதர்போர்டு, எதிர்க் கடையில் ராம், சந்துக்குள் ஒரு மாடியில் பவர் சப்ளை என்று பொறுக்கி, கேபினெட்டை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்து, அக்கா பையன் ஸ்க்ரூ டிரைவர் பிடிக்க, நான் டார்ச் பிடிக்க உருவான சொந்தத் தயாரிப்பு. பல வருஷம் உழைத்தது. அத்தனை வருஷமும் எனக்கு ஒரு சந்தேகம் இருந்துகொண்டே இருந்தது. ஸ்விட்சைப் போடுகிறோம். கொஞ்ச நேரம் கழித்துப் படம் வருகிறது. நடுவில் உள்ளே என்னதான் நடக்கிறது?

ஆபீஸ் நாட்களில் நேரமில்லை. ரிடையரானதும் நேரம் மட்டும்தான் இருந்தது. விண்டோஸ் வேண்டாம், லினக்ஸ் வேண்டாம், என் பெட்டியை என் புரோகிராமே எழுப்பட்டும் என்று கிளம்பினேன். இப்படி எழுப்பும் புரோகிராமுக்கு பூட்லோடர் என்று பெயர்.

சத்திரத்துச் சாவி

பூட் என்றால் நிஜமாகவே காலில் போடுகிற பூட்ஸ்தான். தன் பூட்ஸின் வாரைத் தானே பிடித்து இழுத்து, தன்னைத் தானே தூக்கிக்கொள்வதாக இங்கிலீஷில் ஒரு வேடிக்கைப் பேச்சு உண்டு. கம்ப்யூட்டரின் கதையும் அதேதான். ஒரு புரோகிராமை மெமரிக்குக் கொண்டுவர இன்னொரு புரோகிராம் வேண்டும். அதை யார் கொண்டுவருவது? 1975-ல் வந்த ஆல்டேர் 8800-ல் மனுஷன்தான் கொண்டுவந்தான். கீபோர்டு கிடையாது. முகப்பில் வரிசையாக ஸ்விட்சுகள். மேலே தள்ளினால் 1, கீழே தள்ளினால் 0. ஒவ்வொரு பைட்டாகத் தள்ளி உள்ளே ஏற்ற வேண்டும். கரன்ட் போனால் மறுபடி முதலிலிருந்து!

1981 ஆகஸ்டில் வந்த ஐ.பி.எம். பி.சி.யில் அந்த வேலையை ஒரு சிப்பில் எழுதிவைத்தார்கள். அதுதான் பயாஸ். ஸ்விட்சைப் போட்டதும் பயாஸ் கண் விழிக்கும். மெமரி இருக்கிறதா, கீபோர்டு இருக்கிறதா என்று கணக்கெடுக்கும். பிறகு டிஸ்க்கின் முதல் செக்டாரை மட்டும் எடுக்கும். மொத்தம் 512 பைட். அதை மெமரியில் 31,744-ஆம் விலாசத்தில் கொண்டுபோய் வைக்கும்.

ஏன் 31,744? 32 கே என்றால் 32,768 பைட். அதிலிருந்து கடைசி 1,024-ஐக் கழித்துப் பாருங்கள், வந்துவிடும். அந்தக் காலத்தில் 32 கே என்பதே கௌரவமான மெமரி. அதன் கொல்லைப்புறத்தில் ஒரு மூலையைப் புதுக் குடித்தனக்காரருக்கு ஒதுக்கினார்கள். என் பெட்டியில் 4 ஜிபி இருந்தும் பயாஸ் அதே மூலையில்தான் கொண்டுபோய் விடுகிறது. சம்பிரதாயம்!

வைத்த பிறகு கடைசி இரண்டு பைட்டைப் பார்க்கும். 55, ஏஏ என்று இருக்க வேண்டும். ஹெக்ஸ் கணக்கில் எழுதின எண்கள் இவை. இருந்தால், "இனிமேல் உன் பாடு" என்று விலகிக்கொள்ளும்.

கல்யாணச் சத்திரத்து மேனேஜர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவது மாதிரி. முந்தின கல்யாணக்காரர்கள் எதை எங்கே போட்டுவிட்டுப் போனார்கள் என்றெல்லாம் சொல்ல மாட்டார். இந்த உவமையைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் மறந்துதான் மூன்று நாள் முழித்தேன்.

முதலில் போய் உட்கார்ந்தவன்தான் ராஜா என்பதால் இந்தச் செக்டாருக்கு எதிரிகளும் உண்டு. 1986-ல் லாகூரைச் சேர்ந்த இரண்டு சகோதரர்கள் எழுதிய 'பிரெய்ன்' என்ற வைரஸ், ஃப்ளாப்பியின் நிஜமான பூட் செக்டாரை வேறு இடத்துக்குத் தள்ளிவிட்டு அந்த நாற்காலியில் தான் உட்கார்ந்துகொண்டது. அதற்குள் சகோதரர்கள் தங்கள் விலாசமும் போன் நம்பரும் வேறு எழுதிவைத்திருந்தார்கள். வைரஸ் எழுதுகிறவர்களிலும் அவ்வளவு நாணயஸ்தர்கள் ஒரு காலத்தில் இருந்தார்கள்!

எழுத்து ஒன்று... எழுத்து இரண்டு...

என் முதல் முயற்சியில் பயாஸ் எட்டியே பார்க்கவில்லை. 'பூட் ஆகிற டிஸ்க் இல்லை' என்று விட்டது. அக்கா பையனுக்கு பெங்களூருக்குப் போன் போட்டேன்.

"ராமை எடுத்து ரப்பரால துடைச்சுப் போட்டீங்களா மாமா?"

இது அவனுடைய சர்வரோக நிவாரணி. எதற்கும் இதைத்தான் முதலில் சொல்வான். நிறைய பெட்டிகள் இதிலேயே பிழைத்தும் இருக்கின்றன என்பதால் கோபித்துக்கொள்ள முடியாது.

"அது இல்லேடா. ஸ்டார்ட் ஆவுது. என் பென் டிரைவைத்தான் மதிக்க மாட்டேங்குது."

"கடைசி ரெண்டு பைட்டைப் பாருங்க."

பார்த்தேன். ஏஏ முதலில், 55 அப்புறம் என்று திருப்பி எழுதியிருந்தேன். மாற்றினதும் எமுலேட்டரில் ஜம்மென்று வணக்கம் வந்துவிட்டது. எமுலேட்டர் என்பது கம்ப்யூட்டருக்குள்ளேயே ஓடும் பொம்மைக் கம்ப்யூட்டர். புது புரோகிராமை முதலில் அதில் ஓட்டிப் பார்ப்பது வழக்கம். (வணக்கம் வந்தது ஆங்கில எழுத்தில்தான். பயாஸுக்குத் தெரிந்தது மொத்தம் 256 எழுத்து. அதில் தமிழ் கிடையாது. செந்தமிழெல்லாம் அது வளர்ந்து பெரியவனான பிறகுதான்.)

அதே 512 பைட்டை பென் டிரைவில் ஏற்றி நிஜப் பெட்டியில் போட்டால், ஆரம்பத்தில் சொன்னேனே, அந்த மின்னுகிற கோடு! வணக்கமும் இல்லை, திட்டும் இல்லை. பிழை என்று ஏதாவது சொன்னாலாவது சண்டை போடலாம். மௌனம் சாதிப்பவர்களோடு என்ன செய்வது?

"வழியில ஒவ்வொரு இடத்திலேயும் ஒரு எழுத்தை அச்சடிக்கச் சொல்லுங்க மாமா. எந்த எழுத்தோட நிக்குதுன்னு பாருங்க" என்றான் பையன்.

இது அவன் கண்டுபிடிப்பு இல்லை. 1990-களில் லினக்ஸை எழுப்ப 'லிலோ' என்று ஒரு பூட்லோடர் இருந்தது. ஆங்கிலத்தில் நாலெழுத்துப் பெயர். அது தன் பெயரையே ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்தாக அச்சடித்துக்கொண்டே போகும். முதல் எழுத்தோடு நின்றால், முதல் பாகம் வந்துவிட்டது, அடுத்த பாகத்தை எடுக்க முடியவில்லை. இரண்டு எழுத்தோடு நின்றால், எடுத்தாகிவிட்டது, ஓட்ட முடியவில்லை. நாலும் வந்தால் சுகப் பிரசவம். பெயரையே தெர்மாமீட்டராக்கின புத்திசாலித்தனம்!

நானும் வைத்தேன். '1' வந்தது. ஆக, சாவி என் கைக்கு வந்திருக்கிறது. '2' வந்தது. வணக்கம் வரவில்லை. '3' வந்தது! அதாவது என் புரோகிராம் செத்துப்போகவில்லை. வணக்கத்தைப் படித்து அச்சடித்ததாகவே நினைத்துக்கொண்டு மேலே போயிருக்கிறது. அப்படியானால் எங்கேயிருந்து படித்தது?

பழைய நம்பர், புது நம்பர்

மெட்ராஸில் விலாசம் தேடி அலைந்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். இந்த வகை பிராசஸர் கண் விழிக்கும்போது மெமரி விலாசத்தை இரண்டு துண்டாக வைத்துக்கொள்ளும். தெரு என்று ஒன்று, கதவு எண் என்று ஒன்று. தெருவைப் பதினாறால் பெருக்கிக் கதவு எண்ணைக் கூட்டினால் நிஜமான இடம் கிடைக்கும். ஒரே வீட்டுக்கு 'பழைய எண் 14, புது எண் 31' என்று எழுதியிருப்பது போல, ஒரே இடத்தைப் பல விதமாக எழுத முடியும் என்பது கூடுதல் குழப்பம்.

நான் கதவு எண்ணை ஒழுங்காக எழுதியிருந்தேன். தெருவைச் சொல்லவே இல்லை. சைபராகத்தான் இருக்கும் என்று நானே நினைத்துக்கொண்டேன். எமுலேட்டரில் சைபராகவே இருந்தது. நிஜப் பெட்டியில் தெரு என்னவென்று அச்சடிக்கச் சொல்லிப் பார்த்தேன். ஹெக்ஸில் 40. அதாவது 64. பயாஸ் தன் வேலைக்காகப் போட்டுக்கொண்டதை அப்படியே விட்டுவிட்டுப் போயிருக்கிறது. முந்தின கல்யாணக்காரர்களின் பாத்திரம்!

64-ஐப் பதினாறால் பெருக்கினால் 1,024. என் புரோகிராம் 1,024 வீடு தள்ளிப் போய் ஒரு காலி மனையில் கதவைத் தட்டியிருக்கிறது. உள்ளே ஒன்றுமில்லை. 'ஒன்றுமில்லை'யை ஒழுங்காகப் படித்துவிட்டுத் திரும்பிவிட்டது.

புரோகிராமின் தலையில் இரண்டே வரி சேர்த்தேன்: 'தெரு எண் சைபர்.' பென் டிரைவில் ஏற்றினேன். ஸ்விட்ச்.

வணக்கம்!

நான் போட்ட சத்தத்தில் மனைவி எழுந்து வந்துவிட்டாள். திரையைப் பார்த்தாள். "இவ்ளோதானா? சாப்பிட்டீங்களான்னு கேக்காதா?"

ராத்திரி ஒரு மணி

அந்த ஒரு வரிக்கு முதல் செக்டாரிலேயே இடம் உண்டு. ஆனால் நிஜமான பூட்லோடரின் வேலை வணக்கம் சொல்வதல்ல. டிஸ்க்கின் அடுத்த செக்டார்களை எடுத்துவந்து அவர்களிடம் பொறுப்பை ஒப்படைப்பது. அதனால் 'சாப்டாச்சா?'வை வேண்டுமென்றே இரண்டாவது செக்டாரில் வைத்தேன். எமுலேட்டரில் கேட்டது. நிஜப் பெட்டியில் கேட்கவில்லை. பழைய கதை!

மாற்று, பென் டிரைவில் எழுது, ரீஸ்டார்ட், பார், மறுபடி மாற்று. பன்னிரண்டு தடவை. பதின்மூன்றாவது தடவை மணி ஒன்று.

பென் டிரைவில் எழுத நான் பயன்படுத்தியது 'டிடி' என்ற லினக்ஸ் கட்டளை. எந்த டிஸ்க்கில் எழுதச் சொன்னாலும் 'நிச்சயமா?' என்றுகூடக் கேட்காமல் எழுதும். விஷயம் தெரிந்தவர்கள் அதற்கு 'டிஸ்க் டிஸ்ட்ராயர்' என்று செல்லப் பெயர் வைத்திருக்கிறார்கள். டிஸ்க்குகளுக்கு லினக்ஸ் வைக்கும் பெயர்கள் ஏ, பி, சி என்று போகும். ஏ என் லினக்ஸ் இருக்கும் சின்ன டிஸ்க், பி 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், சி பென் டிரைவ். ஆனால் இந்தப் பெயர்கள் சாசுவதமில்லை. ரீஸ்டார்ட்டில் யார் முந்திக்கொண்டு கை தூக்குகிறாரோ அதைப் பொறுத்தது. அந்தத் தடவை பென் டிரைவ் முந்திக்கொண்டு பி ஆகிவிட்டது. நான் பழக்க தோஷத்தில் சி என்று தட்டினேன்.

என்டர்.

'512 பைட் எழுதியாகிவிட்டது' என்றது. அதற்குள் மூலையில் ஹார்ட் டிஸ்க் விளக்கு ஏன் மின்னியது என்று யோசித்தபோதுதான் வயிற்றில் புளி கரைந்தது.

அந்த டிஸ்க்கில் என்ன இருந்தது என்று சொல்ல வேண்டும். மாமனார் 1987-ல் துபாயில் இருந்த மகனுக்குக் கடிதத்துக்குப் பதிலாக ஒரு கேசட்டில் பேசி அனுப்பினார். அந்த நாளில் அப்படி அனுப்புவார்கள். இருபது நிமிஷம். ஊரில் மழை, மாடு கன்று போட்டது, 'வேளைக்குச் சாப்பிடு' என்று நாலு தடவை. நடுவில் மனைவியும் ஒரு வார்த்தை பேசியிருப்பாள். அவர் குரலில் எங்களிடம் மிச்சமிருந்தது அது ஒன்றுதான். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்தோம். அப்புறம் கேசட் பூசணம் பிடித்துப் போய்விட்டது. 'இன்னொரு காபி எடுத்து வைக்கணும்' என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். சொல்லிக்கொண்டே மட்டும் இருந்தேன்.

டிஸ்க்கைத் திறந்தால், 'காலி' என்றது.

பையனைத் தூக்கத்திலிருந்து எழுப்பினேன். அவன் ராம், ரப்பர் எதுவும் சொல்லவில்லை. அதிலேயே நிலைமையின் தீவிரம் புரிந்தது.

"மாமா, இனிமே எதையும் தொடாதீங்க. ஒரு பைட் எழுதக் கூடாது. மெஷினை ஆஃப் பண்ணி அந்த டிஸ்க்கைக் கழட்டுங்க. நான் சனிக்கிழமை வரேன்."

சனிக்கிழமைக்கு மூன்று நாள் இருந்தது. மனைவியிடம் மறுநாள் காலையிலேயே சொல்லிவிட்டேன். அவள் கத்தவில்லை. "அப்பா குரலா?" என்று மட்டும் கேட்டாள். கத்தியிருக்கலாம்.

திருடனே போலீஸ்

பையன் வந்தான். முதலில் ஒரு புது டிஸ்க்கில், பழையதை முதல் செக்டாரிலிருந்து கடைசி வரை அப்படியே நகல் எடுத்தான். "எது செஞ்சாலும் நகல்ல செய்யணும் மாமா" என்றான். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே எனக்குப் பாடம் நடத்தினான்.

500 ஜிபி டிஸ்க்கில் சுமார் 97 கோடியே 67 லட்சம் செக்டார்கள். நான் அழித்தது ஒன்றே ஒன்று. ஆனால் எது? முதல் செக்டார். அதன் 512 பைட்டில் புரோகிராமுக்கு 446. கடைசி 2 பைட் 55, ஏஏ. நடுவில் இருக்கும் 64 பைட்தான் பார்ட்டிஷன் டேபிள். எந்தப் பகுதி எங்கே ஆரம்பிக்கிறது, எவ்வளவு நீளம் என்று சொல்லும் பெயர்ப்பலகை. என் வணக்கம் அதன் மேல் போய் உட்கார்ந்துவிட்டது. வீடு இடியவில்லை, சாமானும் போகவில்லை. வாசல் போர்டை மட்டும் பிடுங்கி எறிந்திருக்கிறேன். (ஜிபிடி என்ற புது முறையில் டிஸ்க்கின் கடைசியில் போர்டுக்கு ஒரு நகல் இருக்கும். எங்களுடையது பழைய முறை.)

பிறகு 'டெஸ்ட்டிஸ்க்' என்ற இலவச புரோகிராமை ஓடவிட்டான். அது டிஸ்க்கை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போய், ஒரு பகுதி ஆரம்பிக்கும் அடையாளத்தைத் தேடும். விண்டோஸ் காலத்துப் பகுதி ஒவ்வொன்றும் தன் ஆரம்பத்தில் சொந்தமாக ஒரு பூட் செக்டார் வைத்திருக்கும். அதன் கடைசி இரண்டு பைட் என்ன தெரியுமா? அதே 55, ஏஏ! எந்த முத்திரையைப் பதிக்க முதல் நாள் மல்லாடினேனோ, அதே முத்திரை கைகொடுத்தது.

2,048-ஆவது செக்டாரில் அது கிடைத்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று பட்டியல் கேட்டான். ஃபோல்டர்கள் ஒவ்வொன்றாக வந்தன. அதில் 'அப்பா கேசட்'. டேபிளை எழுதச் சொன்னான். ரீஸ்டார்ட். திறந்தது.

அன்றைக்கு ராத்திரியே மூன்று இடத்தில் நகல் எடுத்தோம். ஒன்று துபாயிலிருந்து திரும்பி வந்து செட்டிலான மைத்துனர் வீட்டுக்குப் போனது.

ஒரு வரியை அழித்தேன்

இனி அந்த ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் சோதனை என்பது மனைவி போட்ட சட்டம். மீறவில்லை. எழுதுவதற்கு முன்னால், எந்தப் பெயரில் எத்தனை ஜிபி டிஸ்க் இருக்கிறது என்று பட்டியல் பார்ப்பதும் பழக்கமாகிவிட்டது. 500 இருக்கும் இடத்தில் 8 என்று ஏமாற முடியாது.

பாக்கி இருந்தது 'சாப்டாச்சா?' மறுபடி எண்கள். 1, 2, 3 வரை வந்து நின்றது. மூன்றுக்கு அப்புறம்தான் இரண்டாவது செக்டாரைப் படிக்கும் வேலை. படித்த பிறகு வெற்றியா தோல்வியா என்று பயாஸ் ஒரு கொடி காட்டும். நான் அதைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. பார்க்கச் சொன்னதும் 'தோல்வி' என்றது.

ஏன்? 'சைபர் நம்பர் டிரைவிலிருந்து படி' என்று எழுதியிருந்தேன். பயாஸின் கணக்கில் சைபர் என்றால் ஃப்ளாப்பி. எமுலேட்டரில் என் புரோகிராமை ஃப்ளாப்பியாகத்தான் கொடுத்திருந்தேன், அதனால் ஓடியது. நிஜப் பெட்டியில் ஃப்ளாப்பியே கிடையாது. பென் டிரைவை அது ஹார்ட் டிஸ்க் என்று கருதி ஹெக்ஸில் 80 என்று நம்பர் கொடுத்திருந்தது. வேடிக்கை என்னவென்றால், சாவி கொடுக்கும்போதே 'உன் டிரைவ் நம்பர் இது' என்று 'டிஎல்' என்ற ரிஜிஸ்டரில் எழுதிக் கையில் கொடுத்திருக்கிறது. சத்திரத்து மேனேஜர் சொல்லிவிட்டுப் போன ஒரே விஷயம் அதுதான். நான் அதை அழித்துவிட்டு என் சொந்த சைபரைப் போட்டிருந்தேன்.

அந்த வரியை எடுத்தேன். ஒன்றும் சேர்க்கவில்லை. ஓடியது.

மூன்று தவறையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே ஜாதி. தெரு சைபராகத்தான் இருக்கும், டிரைவ் சைபராகத்தான் இருக்கும், சி என்றால் பென் டிரைவாகத்தான் இருக்கும். மூன்றும் 'இருக்கும்'. ஒரு தடவையாவது 'இருக்கிறதா?' என்று கேட்கவில்லை. எமுலேட்டர் நல்ல பிள்ளை, நான் நினைத்தபடியே இருந்து என்னைக் கெடுத்தது. நிஜப் பெட்டி அப்படியில்லை. கேட்டால்தான் சொல்லும்.

இப்போது வரும் மெஷின்களில் பயாஸ் இருந்த இடத்துக்கு யூஈஎஃப்ஐ வந்துவிட்டது. அது முதல் செக்டாரில் புரோகிராம் தேடாது, டிஸ்க்கில் ஒரு பகுதியிலிருந்து ஃபைலாகவே எடுத்து ஓட்டிக்கொள்ளும். 512 பைட்டுக்குள் குடித்தனம் நடத்த வேண்டிய அவஸ்தை அங்கே இல்லை. என் பழைய பெட்டிக்கு மட்டும் இன்னும் உண்டு.

மனைவியைக் கூப்பிட்டு ஸ்விட்சைப் போட்டேன். ஒரு பீப். 'வணக்கம்.' அடுத்த வரியில், 'சாப்டாச்சா?'

கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பாவும் கேசட்ல இதைத்தான் நாலு தடவை கேப்பாரு" என்றாள். பிறகு, "ஆச்சுன்னு எப்படிச் சொல்றது அதுகிட்ட?"

அதற்கு கீபோர்டைப் படிக்க வேண்டும். மூன்றாவது செக்டார்!

டிஸ்க்கைக் கழற்றிவிட்டேனா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன்.